முதலில் வோல்ட்டைப் பாருங்கள்

ரேம் வாங்க வருகிறவர்கள் கேட்கிற கேள்வி இரண்டுதான். எத்தனை ஜிபி, என்ன விலை. கொஞ்சம் விவரம் தெரிந்த பையன்களாக இருந்தால் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று மூன்றாவதாக ஒன்று கேட்பார்கள். எத்தனை வோல்ட் என்று கேட்டவரை, நெல்லை வண்ணார்பேட்டைக் கடையில் உட்கார்ந்திருந்த காலம் முழுக்க நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் ரேம் கோளாறு என்று திரும்பி வந்த கம்ப்யூட்டர்களில் என் நேரத்தை அதிகம் தின்றவை, யாரும் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியால் வந்தவைதான்.

எனக்கு வோல்ட் பார்க்கிற பழக்கம் கம்ப்யூட்டரிலிருந்து வரவில்லை. பள்ளிக்கூட விடுமுறைகளில் அம்பாசமுத்திரத்தில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் கையாளாக இருந்தேன். ஆற்றுப் பாசனத்து வயல்காரர்களுக்கு மோட்டார் அவ்வளவாகத் தேவைப்படாது. கார், பிசானம் என்ற இரண்டு நெல் போகமும் கால்வாய்த் தண்ணீரிலேயே விளைந்துவிடும். கடைக்கு வந்ததெல்லாம் கடையம், ஆலங்குளம் பக்கத்துக் கிணற்று மோட்டார்கள். கோடை வந்தால் டிராக்டரிலும் மாட்டு வண்டியிலும் ஏற்றிக்கொண்டு வருவார்கள். திறந்தால் காயில் கருகி, வார்னிஷ் தீய்ந்த நெடி மூக்கில் ஏறும். பெரும்பாலும் காரணம் லோ வோல்டேஜ்தான். பாபநாசத்தில் 1944-லேயே நீர்மின்சாரம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனாலும் கம்பியின் கடைசியில் இருக்கிற கிணற்றுக்குப் போய்ச் சேரும்போது கரண்டுக்கு வலு இருக்காது. வோல்ட் குறைந்தால் மோட்டார் அதே தண்ணீரை இழுக்க அதிக ஆம்பியர் வாங்கும். காயில் சூடேறும். கடைசியில் எரியும்.

கடைக்கார அண்ணாச்சி எந்த மோட்டார் வந்தாலும் ஸ்பானரைத் தொடமாட்டார். அதன் முதுகில் அறைந்திருக்கும் தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து முதலில் படிப்பார். எழுத்து தேய்ந்திருந்தால் சாக்பீஸைத் தேய்த்துப் பார்ப்பார். "மொதல்ல அது என்ன கேக்குதுன்னு பாருலே. பொறவு நாம என்ன குடுக்கோம்னு பாக்கலாம்" என்பார். அந்தக் கடையில் நான் கற்றுக்கொண்ட தொழில் மறந்துவிட்டது. இந்த ஒரு வரி மட்டும் கையோடு வந்துவிட்டது.

2000-ஐ ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தேன். வண்ணார்பேட்டையில், சுலோச்சன முதலியார் பாலத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் கடை. சரக்கெல்லாம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலிருந்து வரும். ராத்திரி ஆம்னி பஸ்ஸில் ஏற்றிவிட்டால் காலையில் இங்கே இறங்கும். அவசரமென்றால் யாராவது நெல்லை எக்ஸ்பிரஸில் போய்க் கையோடு வாங்கி வருவோம்.

கம்ப்யூட்டர் நின்றுபோனால் எங்கள் ஊரில் எல்லோரும் முதலில் குற்றம் சொல்வது கரண்டைத்தான். அதில் நியாயமும் உண்டு. மோட்டார் ஊர்க்காரர்கள் வேறு எதைச் சொல்வார்கள்? ஆனால் ரேமுக்குப் போகிற வோல்ட்டுக்கும் சுவரில் வருகிற வோல்ட்டுக்கும் நேரடி உறவு கிடையாது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டி 230 வோல்ட்டை வாங்கி, 12, 5, 3.3 என்று பிரித்துக் கொடுக்கிறது. சுவரில் 180 வரை இறங்கினாலும் நல்ல பெட்டி இந்த மூன்றையும் அசையாமல் வைத்திருக்கும். அதிலிருந்து ரேமுக்கு வேண்டிய வோல்ட்டைத் தயாரிப்பது மதர்போர்டு. ரேம் ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒன்றிரண்டு மாஸ்ஃபெட், ஒரு காயில், நாலைந்து கெப்பாசிட்டர் நிற்கும். ரேமின் சமையலறை அதுதான். விலை மலிவான போர்டுகளில் அங்கேதான் முதலில் கையை வைத்திருப்பார்கள். காயிலே இருக்காது, ஒற்றை மாஸ்ஃபெட் இருக்கும், கெப்பாசிட்டருக்கு இடம் விட்டிருப்பார்கள், கெப்பாசிட்டர் இருக்காது. போர்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அந்த மூலையைப் பார்த்தே, இது எவ்வளவு தாங்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஆரம்பத்தில் யாரும் வோல்ட்டைப் பற்றிக் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. அதை ரேமின் உடம்பிலேயே வெட்டி வைத்திருந்தார்கள். எஸ்டி ரேமுக்கு 168 கால்கள், இரண்டு வெட்டுகள். அதில் ஒரு வெட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பதே அது 3.3 வோல்ட் சரக்கா, 5 வோல்ட் சரக்கா என்பதற்கு அடையாளம். பிறகு டிடிஆர் வந்தது, 184 கால்கள், 2.5 வோல்ட். டிடிஆர்2 வந்தது, 240 கால்கள், 1.8 வோல்ட். டிடிஆர்3-க்கும் அதே 240 கால்கள்தான், ஆனால் 1.5 வோல்ட், அதனால் வெட்டைத் தள்ளி வைத்தார்கள். டிடிஆர்2 ஸ்லாட்டில் டிடிஆர்3-ஐ எவ்வளவு அமுக்கினாலும் இறங்காது. தலைமுறைக்குத் தலைமுறை வோல்ட் குறைந்துகொண்டே வந்தது. தவறான இடத்தில் தவறான ரேம் போகாதபடி அந்தச் சின்ன வெட்டு காவல் காத்தது. இதைச் செய்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. கிராமத்தில் மின்விளக்கு வெளிச்சத்தில் ரேம் மாற்றுகிற பையனையும் மனதில் வைத்துச் செய்த வேலை அது.

சிக்கல் வந்தது ஒரே தலைமுறைக்குள்ளேயே வோல்ட் மாறத் தொடங்கியபோது.

2008 வாக்கில் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர் வந்தார். அப்போதுதான் கல்யாண ஆல்பமெல்லாம் கம்ப்யூட்டர் டிசைனுக்கு மாறி, ஸ்டுடியோக்காரர்கள் நல்ல மெஷின் தேடி அலைந்த நேரம். இவர் சென்னைக்குப் போனபோது ஒரு கடையில் பளபளவென்று அலுமினிய உறை போட்ட டிடிஆர்2 ஜோடி ஒன்றை வாங்கி வந்து, ஏற்கெனவே இருந்த மலிவு விலை போர்டில் போட்டிருந்தார். போட்டுக் கொடுத்தவர் பயாஸுக்குள் போய் வேகத்தையும் டைமிங்கையும் உறையில் எழுதியிருந்தபடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 800 மெகாஹெர்ட்ஸ், 4-4-4-12.

"அண்ணாச்சி, மத்தியானம் ஆனா நின்னுருது. ராத்திரி உக்காந்தா ஒண்ணுஞ் செய்யல. காத்துக் கருப்பு ஏதும் அண்டிட்டான்னு எங்க அம்மை கேக்காவ" என்றார்.

நின்றுபோவது அவருக்குப் பெரிய கவலையாக இல்லை. திரும்பப் போட்டுக்கொள்ளலாம். கூடவே ஒரு சிடி கொண்டுவந்திருந்தார். அதிலிருந்த படங்களைத் திறந்து காட்டினார். மணமேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிற படம். தலையிலிருந்து கழுத்து மாலை வரை சரியாக இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டதுபோல் நிறம் மாறி, பட்டுச்சேலை பச்சையும் ஊதாவுமாகக் கலங்கிக் கிடக்கிறது. இன்னொன்றில் பாதிப்படம் வெறும் சாம்பல். கேமரா கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யும்போதே கெட்டுப்போன படங்கள் அவை. காப்பி முடிந்ததும் வழக்கம்போல் கார்டை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டு போய்விட்டார். அதே கார்டில் வேறு படங்கள் ஏறிவிட்டன. தாலி கட்டிய நேரத்தை யாரால் மறுபடி எடுக்க முடியும்?

அலுமினிய உறையின் ஓரத்தில், சீரியல் எண்ணுக்கும் பார்கோடுக்கும் நடுவில், பொடி எழுத்தில் இருந்தது: 2.1 வோல்ட். அந்த ரேம் அந்த டைமிங்கில் ஓட அவ்வளவு வேண்டும். டிடிஆர்2-க்குத் தரநிலை 1.8. போர்டின் பயாஸில் ரேம் வோல்ட்டை ஏற்றுகிற இடமே இல்லை. மல்டிமீட்டரின் கறுப்பு முனையைச் சட்டத்தில் வைத்து, சிவப்பு முனையை மாஸ்ஃபெட்டின் வெளிவாயில் வைத்துப் பார்த்தேன். 1.84 காட்டியது. போர்டு தன் கடமையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. 2.1 கேட்கிற சரக்குக்கு அது போதவில்லை.

அப்படியானால் எப்படி ஓடியது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. ரேமின் ஓரத்தில் எட்டுக் கால் வைத்த சின்ன சிப் ஒன்று உண்டு. எஸ்.பி.டி. என்பார்கள். இந்த ரேம் இன்ன அளவு, இன்ன வேகம் என்கிற விவரம் அதில் பதிந்திருக்கும். போர்டு விழித்ததும் அதைப் படித்து அதன்படி நடக்கும். இந்த மாதிரி வேக ரேம்களில் அந்த சிப்புக்குள் இருந்ததும் பெரும்பாலும் சாதாரண 1.8 வோல்ட்டுக்கு உரிய நிதானமான விவரம்தான். உறையில் அச்சிட்டிருக்கும் வேகமும் வோல்ட்டும் கையால் வைத்துக்கொள்ள வேண்டியவை. இந்த ஸ்டுடியோ மெஷினில் வேகத்தை மட்டும் கையால் ஏற்றிவிட்டார்கள். அதற்குரிய வோல்ட்டை ஏற்ற அந்தப் போர்டில் வழியில்லை. குறைந்த வோல்ட்டில் ரேம் உடனே சாகாது. நூறு கோடி முறை சரியாகச் சொல்லிவிட்டு ஒரு முறை பூஜ்யத்தை ஒன்று என்று சொல்லும். அந்த ஒன்று விண்டோஸின் முக்கியமான இடத்தில் விழுந்தால் நீலத் திரை. மணமகளின் சேலையில் விழுந்தால் யாருக்கும் தெரியாது, ஆல்பம் அச்சுக்குப் போகிற வரை.

மத்தியானம் மட்டும் ஏன் என்பதற்கும் விடை உண்டு. ரேமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு துளி மின்னேற்றம். அது தானாகக் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி விநாடிக்குள் எல்லாவற்றையும் ஒரு முறை படித்துத் திரும்ப எழுத வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவு கூடும். சிப்பின் மேற்பரப்பு 85 டிகிரியைத் தாண்டினால் அந்தப் புதுப்பிப்பை இரண்டு மடங்கு அடிக்கடி செய்ய வேண்டும் என்பதே தரநிலை. பாளையங்கோட்டையில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தொடும். ஸ்டுடியோ இருந்ததோ மாடியில், தகரக் கூரைக்குக் கீழே. ஏற்கெனவே வோல்ட் போதாமல் விளிம்பில் நின்ற ரேமை அந்த வெப்பம் தள்ளிவிட்டது. ராத்திரி காற்று வந்தால் அதுவே ஒழுங்காக ஓடியது. ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் நெல்லையில் பகலும் குளிர்ந்துவிடும். அப்போது இது தன்னால் சரியாகிவிட்டதாக அவர் நம்பியிருந்தால், அடுத்த மே வரை எத்தனை வீட்டுக் கல்யாணம் அந்த மெஷினுக்குள் போயிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

பயாஸில் வேகத்தை 667-க்கு இறக்கி, டைமிங்கை 5-5-5 என்று தளர்த்தினேன். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட்86+ ஓடவிட்டேன். முதல் நாள் அதே நிரல் திரை முழுக்கச் சிவப்புப் பட்டைகளாகக் காட்டியிருந்தது. இப்போது ஒரு சிவப்புக்கூட இல்லை. மறுநாள் மத்தியானம், கடையின் மின்விசிறியை அணைத்துவிட்டு, மூடியை மூடி வைத்து இன்னொரு முறை ஓடவிட்டேன். சுத்தம். வேகத்துக்குக் கொடுத்த காசு வீணாகிவிட்டதே என்று அவர் வருத்தப்பட்டார். போட்டோஷாப்பில் ஒரு படம் திறக்க அரை விநாடி கூடும். படம் சரியாக இருக்கும். இந்த இரண்டில் எது வேண்டும் என்று ஸ்டுடியோக்காரரிடம் கேட்க வேண்டியதே இல்லை.

இதற்கு நேர் எதிரான வழியும் இருந்தது. அதைச் செய்தவர்களும் ஊரில் இருந்தார்கள். வோல்ட் ஏற்ற வசதியுள்ள போர்டு கிடைத்தால், ரேம் கேட்கிற 2.1-ஐ அப்படியே வைத்துவிடுவார்கள். ரேமின் கண்ணோட்டத்தில் அது சரிதான். போர்டு அதற்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பதில்லை. சிப் எடுக்கிற மின்திறன் வோல்ட்டின் இருமடிக்குத் தக்கபடி கூடும். 1.8-லிருந்து 2.1-க்கு ஏறுவது கேட்க அற்பமாகத் தெரியும். கணக்குப் போட்டால் 36 சதவீதம் கூடுதல் சூடு. அந்தச் சூடு ரேமோடு நிற்காது. ஊட்டுகிற மாஸ்ஃபெட்டுக்கும், ரேமோடு பேசுகிற நார்த்பிரிட்ஜ் சிப்புக்கும் அதில் பங்கு உண்டு. ரேம் வோல்ட்டில் சரிபாதியாக இன்னொரு வோல்ட்டையும் போர்டு தயாரிக்கிறது. முதலாவது ஏறினால் அதுவும் கூடவே ஏறும். பயாஸில் ஒரு எண் இருக்கிறது என்பதற்காகப் போர்டு அதை வருடக்கணக்கில் தாங்கும் என்று அர்த்தமில்லை. அப்படி ஏற்றிவைத்த போர்டு ஒன்றைப் பிறகு எங்கள் மேசையில் பிரித்தேன். ரேம் ஸ்லாட் ஓரத்துக் கெப்பாசிட்டர்கள் தலை உப்பி, ஒன்றின் உச்சி பிளந்து பழுப்புக் கசிவு காய்ந்திருந்தது. கெப்பாசிட்டர் மாற்றினால் எழுந்துவிடும் என்றுதான் நினைத்தேன். எழவில்லை. உள்ளே நார்த்பிரிட்ஜும் போயிருந்தது.

2008 நவம்பரில் இன்டெல் முதல் கோர் ஐ7-ஐக் கொண்டுவந்தபோது இந்த எல்லை இடம் மாறியது. அதுவரை இன்டெல் மெஷின்களில் ரேமோடு பேசுகிற பகுதி போர்டில் இருந்தது. ஏ.எம்.டி. 2003-லேயே அதைப் பிராசசருக்குள் கொண்டுபோய்விட்டது. இப்போது இன்டெல்லும் கொண்டுபோனது. டிடிஆர்3-க்குத் தரநிலை 1.5. இந்தப் பிராசசருக்கு 1.65-க்கு மேல் கூடாது என்று இன்டெல் சொன்னது. ஆனால் அதற்கு முந்தைய போர்டுகளுக்காக 1.8, 2.0 வோல்ட் கேட்கிற டிடிஆர்3 ரேம்கள் ஏற்கெனவே சந்தையில் இருந்தன. ஒரே வெட்டு, ஒரே கால்கள், அழகாக உட்காரும். சில போர்டுகளில் ரேம் ஸ்லாட் மேலேயே 1.65 எச்சரிக்கையை ஸ்டிக்கராக ஒட்டி அனுப்பினார்கள். ஸ்டிக்கரைப் பிய்க்காமல் ரேமை மாட்ட முடியாது. மிகச் சரியான இடத்தில் ஒட்டினார்கள் என்பேன். முன்பு எல்லை மீறினால் சில ஆயிரம் ரூபாய் போர்டு போகும். இப்போது அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பிராசசர் போகும்.

இதுவரை சொன்னதெல்லாம் வசதி இருக்கிறவர்களின் சங்கடம். வசதியில்லாதவர்களை அதிகம் பாதித்தது டிடிஆர்3எல்.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் கைக்கு லேப்டாப் வந்தது. தாமிரபரணிக் கரையில் பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை, அதற்கு முன் கம்ப்யூட்டர் நுழையாத எத்தனையோ வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். பெரும்பாலும் 2 ஜிபி ரேமோடு வந்தன. 2020-ல் கொரோனா வந்து வகுப்பெல்லாம் ஆன்லைனில் போனதும், அண்ணனுக்குக் கிடைத்தது, அக்காவுக்குக் கிடைத்தது என்று பரணில் கிடந்த லேப்டாப்புகளை எல்லாம் எடுத்துத் துடைத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். இன்னொரு ரேம் போட்டால் வீடியோ வகுப்பு தடங்கலில்லாமல் ஓடும். புது ரேம் விலை ஏறிவிட்டது. செகண்ட் ஹேண்ட் ரேம்களை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டி வைத்து விற்றார்கள்.

சேரன்மகாதேவியிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். வேறெங்கோ ரேம் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். போட்டதிலிருந்து லேப்டாப்பில் விளக்கு எரிகிறது, திரை வரவில்லை. "போர்டு போச்சுன்னு சொல்லிட்டாங்க சார். மாத்தணும்னா புதுசே வாங்கிரலாமாம்" என்றார். அந்தப் பிள்ளை ஒரு வார்த்தையும் பேசவில்லை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது என்று அப்பாதான் சொன்னார்.

கழற்றி இரண்டு ரேமையும் மேசை விளக்கின் கீழ் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். லேப்டாப்போடு வந்ததின் லேபிளில் 'பிசி3எல்' என்று இருந்தது, அதாவது டிடிஆர்3எல். வாங்கிப் போட்டதில் 'பிசி3'. அளவு ஒன்று, வேகம் ஒன்று, 204 கால்களும் வெட்டும் ஒன்று. எல் என்கிற ஒற்றை எழுத்துதான் வித்தியாசம். எல் இருந்தால் 1.35 வோல்ட்டில் ஓடும். இல்லாவிட்டால் 1.5 வேண்டும். இந்த லேப்டாப் 1.35-க்கு மேல் கொடுக்காத வகை. பட்டினியில் ரேம் எழவில்லை, அவ்வளவுதான். போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. டப்பாவில் தேடி எல் எழுத்துப் போட்ட ஒன்றை எடுத்து மாட்டினேன். திரை வந்தது.

இதில் ஒருவழிப் பாதை ஒன்று இருக்கிறது. எல் ரேமைப் பழைய 1.5 வோல்ட் லேப்டாப்பில் தாராளமாகப் போடலாம். இரண்டு வோல்ட்டும் அதற்குச் சம்மதம். சாதாரண 1.5 ரேமை, 1.35 மட்டுமே கொடுக்கிற லேப்டாப்பில் போடக் கூடாது. இரண்டையும் கொடுக்கத் தெரிந்த லேப்டாப்பில் ஒன்று எல், ஒன்று சாதாரணம் என்று கலந்து போட்டால், போர்டு இரண்டுக்கும் 1.5 கொடுத்து ஓட்டும். ஆகவே சந்தேகம் வந்தால் எல் வாங்குவதுதான் பத்திரம். இந்த விதியைத் துண்டுச் சீட்டில் எழுதி கடைச் சுவரில் ஒட்டினேன். வெட்டை மாற்றாமல் வோல்ட்டை மட்டும் மாற்றியதற்குக் காரணம் இருக்கிறது, எல் ரேம் பழைய மெஷினிலும் உட்கார வேண்டும் என்பதுதான். காரணம் நியாயமானது. ஆனாலும் அதன் விலையைக் கொடுத்தது சேரன்மகாதேவி ஆட்டோக்காரர் மாதிரி ஆட்கள்தான்.

டெஸ்க்டாப்பிலும் இதே கதை நடந்தது. 2015-ல் வந்த இன்டெல்லின் ஆறாம் தலைமுறைப் பிராசசர்கள் டிடிஆர்4-ஓடு டிடிஆர்3எல்-ஐயும் ஏற்கும். பழைய ரேமையே வைத்துக்கொள்ளலாம் என்று டிடிஆர்3 ஸ்லாட் வைத்த போர்டுகள் நம் ஊரில் நன்றாக விற்றன. இன்டெல் சொன்னது 1.35 வோல்ட் ரேமை மட்டும். வாங்கியவர்கள் வீட்டில் இருந்ததோ 1.5, 1.65.

இப்போது டிடிஆர்4-க்கு 1.2, டிடிஆர்5-க்கு 1.1. டிடிஆர்5-ல் வோல்ட்டைத் தயாரிக்கிற சிப்பையே ரேமின் மேல் ஏற்றிவிட்டார்கள். போர்டு 5 வோல்ட் கொடுத்தால் போதும், மீதியை ரேமே பார்த்துக்கொள்ளும். பயாஸில் ஒரே ஒரு தட்டில் வேகம், டைமிங், வோல்ட் மூன்றும் தானாக ஏறிக்கொள்கிற எக்ஸ்.எம்.பி., எக்ஸ்போ வசதிகளும் வந்துவிட்டன. அதோடு இந்தப் பிரச்சினை ஒழிந்தது என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். 2023 ஏப்ரலில் ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சில எரிந்துபோன செய்தி உலகம் முழுக்கப் பரவியது. எக்ஸ்போவைப் போட்டதும் ரேமின் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் பிராசசருக்குள் இருக்கிற எஸ்.ஓ.சி. பகுதியின் வோல்ட்டையும் போர்டுகள் தாராளமாக ஏற்றியிருந்தன. பிறகு ஏ.எம்.டி. அதற்கு 1.3 என்று உச்சவரம்பு வைத்து, போர்டுக்காரர்கள் எல்லோரும் புது பயாஸ் வெளியிட்டார்கள். அம்பாசமுத்திரத்து அண்ணாச்சி தகட்டைத் துடைத்துப் பார்த்த காரியத்தை உலகத்தின் பெரிய தொழிற்சாலைகளும் செய்துதான் ஆக வேண்டியிருக்கிறது.

அதே 2023-ல், டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன், கொக்கிரகுளம், மீனாட்சிபுரம் எல்லாம் தண்ணீருக்குள். தண்ணீர் வடிந்ததும் தெரிந்த கடைக்காரர்கள் சேற்றில் கிடந்த சரக்கை மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்தார்கள். எதையாவது தேற்ற முடியுமா என்று. ஓடாத நேரத்தில் நனைந்த ரேம் பெரும்பாலும் பிழைக்கும். நல்ல தண்ணீரில் அலசி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டு, நன்றாக உலர்த்தினால் எழுந்துவிடும். ஆனால் லேபிள் எல்லாம் ஊறி உரிந்துவிட்டது. பிசி3 எது, பிசி3எல் எது? எல்லாம் ஒரே பச்சைப் பட்டை.

அப்போது சிப்பின் முதுகைப் படித்தோம். லென்ஸை வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் லேசர் எழுத்து தெரியும். ஹைனிக்ஸ் சிப் 'எச்5டிக்யூ' என்று தொடங்கினால் 1.5 வோல்ட். 'எச்5டிசி' என்றால் 1.35. மைக்ரான் சிப்புகளில் 'எம்டி41ஜே' 1.5, 'எம்டி41கே' 1.35. ஆனால் மைக்ரான் சிப்பின் முதுகில் பெரும்பாலும் முழு எண்ணை அச்சிடாமல் சுருக்கக் குறியீடு மட்டும் போடுவதால் அவை நின்றுவிட்டன. அவற்றை 1.5 வோல்ட் போர்டில் மாட்டி, எஸ்.பி.டி. சிப்பைப் படித்தோம். டிடிஆர்3-இன் எஸ்.பி.டி.யில் ஆறாவது பைட்டு எந்த வோல்ட்டில் ஓடும் என்பதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ஒவ்வொன்றாகப் பார்த்து, வெள்ளை பெயின்ட் மார்க்கரால் 1.35, 1.5 என்று பட்டையிலேயே எழுதி இரண்டு டப்பாவாகப் பிரித்தோம். பக்கத்துக் கடைப் பையன்களும் வந்து உட்கார்ந்து எழுதினார்கள். ஜிபி எழுதவில்லை, மெகாஹெர்ட்ஸ் எழுதவில்லை. அவை மாட்டினால் தானே தெரிந்துவிடும்.

கடை வைத்திருக்கிற நண்பர்களுக்கு நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ரேமுக்கு பில் போடும்போது ஜிபிக்குப் பக்கத்தில் வோல்ட்டையும் எழுதுங்கள். ஒரு சொல் கூடுதல், அவ்வளவே. வாங்குகிறவர்களுக்கு: லேப்டாப்புக்கு ரேம் வாங்கப் போகும்போது உள்ளே இருப்பதைக் கழற்றி ஒரு தாளில் சுற்றிக் கையோடு கொண்டுபோங்கள். லேபிளில் பிசி3எல் என்றிருந்தால் பிசி3எல்லே கேட்டு வாங்குங்கள். டெஸ்க்டாப் என்றால் போர்டோடு வந்த கையேட்டில் ரேம் பக்கத்தைத் திறந்து, அங்கே சொல்லியிருக்கிற வோல்ட்டுக்கு மேல் கேட்கிற ரேம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் வாங்காதீர்கள். கையேடு தொலைந்திருந்தால் போர்டில் அச்சிட்ட மாடல் எண்ணை போனில் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். பார்த்துச் சொல்லக் கடையில் ஆள் இருக்கிறது.